மாஸ்டருக்கும் பிரஷர் பார்க்கணும்

புதிதாகப் பயிற்சியாளர் வேலைக்கு வந்திருக்கும் தம்பிகளே, தங்கைகளே, உடம்பைப் பற்றிச் சொல்லித்தர என்னிடம் எதுவும் மிச்சமில்லை. எந்தத் தசைக்கு எந்தப் பயிற்சி, யாருக்கு எவ்வளவு புரதம் என்பதெல்லாம் உங்கள் செல்போனிலேயே கிடைக்கிறது. நான் சாத்தூரில் ஜிம் ஆரம்பித்தபோது எனக்குத் தெரிந்ததில் பாதி கேள்வி ஞானம், மீதி குருட்டு தைரியம். அதை வைத்தே இருபத்தைந்து வருடம் ஓட்டிவிட்டு, இப்போது சாவியை இன்னொருவர் கையில் கொடுத்துவிட்டு வீட்டில் இருக்கிறேன்.

ஓய்வு பெற்றவனைப் பேசக் கூப்பிட்டால் அவன் சாதித்ததை எல்லாம் எடுத்துவிடுவான். எனக்கும் அந்த ஆசை இல்லாமல் இல்லை. ஆனால் உங்களுக்கு உபயோகப்படக்கூடியது, என் மானம் போன ஒரு காலைப்பொழுதுதான். அதைச் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடுகிறேன்.

பயிற்சியாளர் தான் சொல்வதைத் தானும் செய்யவேண்டும் என்று உங்களுக்குப் படிப்பிலேயே சொல்லியிருப்பார்கள். ஏன் என்று கேட்டால், நம்மைப் பார்த்துத்தான் மற்றவர்கள் செய்வார்கள் என்று பதில் வரும். அது சரிதான். ஆனால் அது பாதிக் காரணம். மீதிப் பாதி தெரிய எனக்கு ஐம்பத்து மூன்று வயது ஆனது.

அந்த வயதில் என் ஜிம் வாசலில் ஒரு பெரிய ஃப்ளெக்ஸ் போர்டு இருந்தது. அதில் நான் சட்டையில்லாமல் கையைக் கட்டிக்கொண்டு நிற்பேன். கீழே, ‘வயது 53. ஒரு மாத்திரை கிடையாது’ என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தேன். பொய் ஒன்றும் இல்லை. டாக்டரிடம் போனால்தானே மாத்திரை கொடுப்பார். நான் போகவே இல்லை.

இரண்டு வருடமாகக் காலையில் எழுந்தால் பிடரியில் ஒரு கனம் இருக்கும். குனிந்து நிமிர்ந்தால் கண்ணுக்கு முன்னால் பொட்டுப் பொட்டாகப் பறக்கும். என் வீட்டுக்காரி சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டாள். “ஏங்க, ஊருக்கெல்லாம் செக்கப் பண்ணுங்கன்னு சொல்லுறீக. நீங்க ஒருவாட்டி போய்க் காட்டுனா என்ன, போர்டு அவுந்தா விழுந்துரும்?” என்று கேட்டாள். அவள் கிண்டலாகச் சொன்னதுதான் உண்மை. போர்டு அவிழ்ந்து விழுந்துவிடும் என்றுதான் நான் போகவில்லை. நாற்பது வயதுக்கு மேல் ஜிம்மில் சேர வருகிறவர்களிடம் பிரஷர் பார்த்த சீட்டு இல்லாமல் நான் தம்பிள்ஸைத் தொடவிட்டதில்லை. அம்புட்டு கண்டிப்பு. கண்ணாடி முன்னால் நின்ற ஆளிடம் மட்டும் அந்தச் சீட்டை நான் கேட்டதே இல்லை.

அந்தச் சமயத்தில்தான் தாயில்பட்டிப் பக்கம் ஒரு பட்டாசு ஆலையின் மேனேஜர் என்னைக் கூப்பிட்டார். அவர் என் ஜிம்முக்கு வந்துகொண்டிருந்தவர். வேலை செய்கிறவர்கள் நாள் முழுக்க உட்கார்ந்தே இருப்பதால் இடுப்பு, கழுத்து என்று ஆளாளுக்கு ஒரு வலி. வாரத்தில் மூன்று நாள், வேலை தொடங்குவதற்கு முன்னால் பத்து நிமிடம் உடற்பயிற்சி சொல்லித்தர வேண்டும் என்றார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. பளபளவென்று நைலான் டிராக் சூட்டில் போய் இறங்கினேன். கேட்டிலேயே நிறுத்தி, நைலான் உரசினால் பொறி வரும், பருத்தித் துணியில்தான் உள்ளே வரலாம் என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். மறுநாள் கதர்ச் சட்டையும் வேட்டியுமாகப் போய், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பயிற்சி சொல்லிக்கொடுத்தேன். பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள்.

அங்கே மருந்து கலக்கும் பிரிவுக்கு மகாலிங்கம் என்பவர் போர்மேன். என்னைவிட இரண்டு வயது மூத்தவர். வெடிமருந்து கலக்கும் வேலை இருக்கிறதே, அதுதான் அந்த ஆலையிலேயே ஆபத்தானது. வெயில் ஏறுவதற்குள் கலந்து முடித்துவிட வேண்டும். அந்த ரூமுக்குள் அவரோடு மூன்று பேர் வேலை செய்வார்கள். வாசலில் ஒரு செம்புத் தகடு பதித்திருக்கும். உடம்பில் இருக்கும் மின்சாரம் மண்ணுக்குள் இறங்குவதற்காக அதைத் தொட்டுவிட்டுத்தான் உள்ளே போகவேண்டும் என்று பக்கத்திலேயே எழுதிப் போட்டிருந்தார்கள். அதை யாரும் படித்து நான் பார்த்ததில்லை. மகாலிங்கத்தின் கையைத்தான் எல்லாரும் பார்ப்பார்கள். அவர் தொட்டால் பின்னால் வருகிற மூன்று கையும் தானாகத் தொடும். அவர் இருபது வருடத்தில் ஒரு நாளும் தொடாமல் போனதில்லை என்றார்கள்.

நான் போக ஆரம்பித்து சில மாதம் கழித்து, மேனேஜர் ஒரு மருத்துவ முகாம் ஏற்பாடு செய்தார். அவருக்கு அந்த யோசனையைக் கொடுத்ததே நான்தான். முந்தின வாரம் முழுக்கப் பயிற்சி முடிந்ததும் ஒரு பிரசங்கம் வேறு பண்ணினேன். டயரில் காற்று இருக்கிறதா என்று பார்க்கிறோம், உடம்பைப் பார்க்க வேண்டாமா என்றெல்லாம் பேசினேன். எல்லாரும் தலையாட்டினார்கள்.

முகாம் அன்று வேப்பமரத்தடியில் மேசை போட்டிருந்தது. மேனேஜர் என் தோளில் கைபோட்டு முன்னால் கூட்டிக்கொண்டு போனார். “மாஸ்டர், நீங்களே மொதல்ல உக்காருங்க. ஆம்பளைக எல்லாம் தயங்கிட்டு நிக்கிறாங்க. ஒங்களப் பாத்தா ஒரு தைரியம் வரும்” என்றார். எனக்குப் பின்னால் இரண்டாவது ஆளாக மகாலிங்கம் நின்றார். அவருக்குப் பின்னால் ஆண்கள், அப்புறம் பெண்கள்.

டாக்டர் பட்டையைப் பிரிக்கிற சத்தம் கேட்டது. இத்தனை பேருக்கு முன்னால் ஒரு நம்பரைச் சத்தமாகச் சொல்லிவிடுவாரோ என்று நினைத்தேன். “சார், ஒரு அவசர போன் வந்துருச்சு. பேசிட்டு ஓடியாந்துர்றேன்” என்று மேனேஜரிடம் சொல்லிவிட்டு கேட்டைப் பார்த்து நடந்தேன். ரோட்டோரத்து டீக்கடையில் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். திரும்பி வந்தபோது மேசையை மடக்கிக்கொண்டிருந்தார்கள்.

கருந்திரி வெட்டும் பிரிவிலிருந்த ஒரு அக்காதான் நடந்ததைச் சொன்னார். “நீங்க போனதும் போர்மேன் அண்ணன், மருந்து காயுது, பாத்துட்டு வாரேன்னு போனாக. அவுக பின்னாலயே ஆம்பளைக அம்புட்டுப் பேரும் நடையக் கட்டிட்டாக. ஊசின்னு நெனச்சுட்டாகளோ என்னமோ. நாங்கதான் கடேசி வரைக்கும் நின்னு பாத்தோம், மாஸ்டர்.”

மேனேஜர் வருத்தப்பட்டார். அடுத்த தடவை பார்த்துக்கொள்ளலாம் சார் என்று அவருக்கு நான் ஆறுதல் சொன்னேன். என் யோக்கியதையைப் பார்த்துக்கொள்ளுங்கள். முகாம் போனால் போகிறது என்று மேனேஜர் ஒரு பிரஷர் பார்க்கும் மெஷினை வாங்கி முதலுதவி ரூமில் வைத்தார். அங்கே நர்ஸ் படிப்பு படித்த மாரீஸ்வரி என்ற பெண் வேலைக்கு இருந்தாள்.

மூன்று வாரம் போயிருக்கும். தீபாவளி நெருங்கிவிட்டது, சீசன் உச்சத்தில் இருந்தது. ஒரு நாள் காலையில் வழக்கம்போலப் பயிற்சி நடந்தது. எல்லாரையும் குனிந்து கால் விரலைத் தொட்டுவிட்டு நிமிரச் சொன்னேன். எல்லாரும் நிமிர்ந்தார்கள். மகாலிங்கம் நிமிர்ந்தவர், பக்கத்திலிருந்த வேப்பமரத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். மூன்று நான்கு நொடிதான். பிறகு ஒன்றும் நடக்காததுபோல வேட்டியைத் தட்டிக்கொண்டு கலவை ரூமைப் பார்த்து நடந்தார். அவருடைய ஆட்கள் மூன்று பேரும் பின்னால் போனார்கள்.

நான் ஓடிப்போய் மறித்தேன்.

“அண்ணே, ஒரு நிமிசம். தலை சுத்துச்சா?”

“சுத்தலையே. கல்லு தடுக்கிருச்சு.”

அந்த மைதானத்தில் கல் கிடையாது. செருப்பில் ஒட்டிக்கொண்டு ரூமுக்குள் போய்விடக் கூடாது என்று ஒரு பொடிக்கல் விடாமல் தினமும் இரண்டு தடவை கூட்டி வைத்திருப்பார்கள். அது என்னைவிட அவருக்கு நன்றாகத் தெரியும்.

தம்பிகளே, அந்த இடத்தில் எனக்கு இருந்தது அரை நிமிடம். அவரை உள்ளே விட்டால், கையில் மருந்து இருக்கும்போது இன்னொரு தடவை தலை சுற்றினால் நான்கு உயிர். இதை யோசிக்கவே தேவையில்லை, மேனேஜரிடம் ஓடிப்போய்ச் சொல்லியிருக்க வேண்டியதுதானே என்று உங்களுக்குத் தோன்றும். எனக்கும் முதலில் தோன்றியது அதுதான். ஆனால் தலைசுற்றல் என்று ஒரு வார்த்தை வெளியே வந்தால் அவருக்கு அந்த ரூமே இல்லாமல் போய்விடும். அவர் பெயரைக் கெடுத்த மாஸ்டரிடம் அதற்குப் பிறகு எவனும் வாயைத் திறக்கமாட்டான். மூன்று பேரும் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். அவராக வந்தால்தான் இது நிற்கும், வராவிட்டால் மேனேஜர்தான் என்று தீர்மானித்துக்கொண்டேன்.

“அண்ணே, மாரீஸ்வரிகிட்ட ஒருவாட்டி பிரஷர் பாத்துட்டு உள்ள போங்க. அஞ்சு நிமிச வேலை.”

“வெயில் ஏறிரும் மாஸ்டர். வழிய விடுங்க.”

“பாக்காம நான் விடமாட்டேன்.”

அவர் நின்றார். என்னை மேலும் கீழும் பார்த்தார். சத்தம் போடவில்லை.

“அன்னைக்கு போன் வந்துருச்சுன்னு போனீகளே மாஸ்டர். போனைத்தான் கேட்லயே வாங்கி வச்சுக்கிட்டு டோக்கன் குடுத்துர்றாகளே. ஒங்களுக்கு மட்டும் எங்கன அடிச்சுச்சு?”

பட்டாசு ஆலைக்குள் யாரும் செல்போன் கொண்டுபோக முடியாது. மேனேஜர் உட்பட யாரும். தினமும் என் கையாலேயே கேட்டில் கொடுத்துவிட்டு வருகிறவன் நான். அன்றைக்குப் பயத்தில் அது என் புத்திக்கே எட்டவில்லை. வரிசையில் நின்ற ஒவ்வொருவருக்கும் நான் சொன்னது பொய் என்று அந்த நிமிடமே தெரிந்திருக்கிறது. மூன்று வாரமாகத் தெரிந்துகொண்டே, நான் சொன்னபடி கையைத் தூக்கிக் காலை மடக்கியிருக்கிறார்கள். ஒருத்தரும் என்னிடம் கேட்கவில்லை. அந்த மரியாதையை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் உடம்பு கூசுகிறது.

“ஆமாண்ணே. பொய்தான் சொன்னேன். பயந்துட்டேன்” என்றேன். அதைச் சொல்ல அவ்வளவு நேரம் ஆகவில்லை. “வாங்க, மொதல்ல எனக்குப் பாக்கட்டும். நீங்க பாத்துட்டு முடிவு பண்ணுங்க.”

முதலுதவி ரூமில் நான் உட்கார்ந்தேன். மகாலிங்கம் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவருக்குப் பின்னால் அந்த மூன்று பேர். மாரீஸ்வரி உடனே பார்க்கமாட்டேன் என்றுவிட்டாள். “பயிற்சி பண்ணிட்டு ஓடியாந்திருக்கீக. அஞ்சு நிமிசம் பேசாம உக்காருங்க. ரெண்டு காலையும் தரையில வைங்க” என்றாள். ஜிம்மில் எத்தனையோ பேரை உட்காரவைத்து நான் சொன்ன அதே வார்த்தைகள். அந்த ஐந்து நிமிடத்தில் எனக்கு என் போர்டும் ஜிம்மும் ஞாபகத்துக்கு வரவில்லை. விருதுநகர் வத்தல் கமிஷன் கடையில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்த என் அப்பா ஐம்பத்தாறாவது வயதில் வாய் கோணிப் படுத்தது ஞாபகம் வந்தது.

மெஷின் உறுமிவிட்டு நின்றது. மாரீஸ்வரி நம்பரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், மறுபடி ஒருமுறை பட்டையைச் சுற்றினாள். இரண்டாவது தடவையும் நூற்று எண்பத்தாறு, நூற்றுப் பன்னிரண்டு.

“கொஞ்சம் கூடத்தான் இருக்கு மாஸ்டர்” என்றாள், மெதுவாக.

“சத்தமாவே சொல்லும்மா” என்றேன். சொன்னாள்.

மகாலிங்கம் உள்ளே வந்து என் தோளைத் தொட்டு எழுப்பிவிட்டு அதே நாற்காலியில் உட்கார்ந்தார். “எனக்கும் பாரு தாயி” என்று கையை நீட்டினார். அவருக்கு நூற்று எழுபது, நூற்று நான்கு. அதன் பிறகு அந்த மூன்று பேரும், யாரும் சொல்லாமலே, வரிசையில் நின்றுகொண்டார்கள். அவர்களைப் பார்த்துவிட்டு வேறு பிரிவுகளிலிருந்தும் ஆட்கள் வர ஆரம்பித்தார்கள்.

மேனேஜர் வந்து சேர்ந்தார். சீசன் நேரத்தில் ஒரு கலவை ரூம் நின்றால் அவருக்கு எவ்வளவு நெருக்கடி என்று எனக்குத் தெரியும். இரண்டு நம்பரையும் கேட்டார். என்னை ஒரு பார்வை பார்த்தார், அது போதும். “இன்னைக்கு அந்த ரூம் தொறக்க வேண்டாம். ஆர்டர் ஒரு நாள் லேட்டானா ஆகட்டும். ரெண்டு பேரும் வேன்ல ஏறுங்க” என்று சாத்தூர் ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவைத்தார்.

பின்னால் நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன். மகாலிங்கத்தை அதற்கப்புறம் கலவை ரூமுக்குள் விடவில்லை. மாத்திரையில் பிரஷர் அடங்கியது, டாக்டரும் எழுதிக்கொடுத்தார், ஆனாலும் மேனேஜர் ஒத்துக்கொள்ளவில்லை. பேக்கிங் குடோனுக்குப் பொறுப்பாகப் போட்டார்கள். அது அவருக்குப் பெரிய அடி. கொஞ்ச காலம் என்னைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் போவார். அதை நான் தப்பு என்று சொல்லமாட்டேன். சாத்தூரில், மாஸ்டருக்கே பிரஷராம் என்ற செய்தி நான் வேனிலிருந்து இறங்குவதற்குள் பரவிவிட்டது. காலை பேட்ச்சில் பாதிப் பேர் நின்றுவிட்டார்கள். போர்டை நானே ஏணி போட்டு ஏறி அவிழ்த்தேன்.

ஆனால் வேறு ஒன்றும் நடந்தது. ஜிம்மில் ஆட்கள் என்னைத் தனியாகக் கூப்பிட்டுப் பேச ஆரம்பித்தார்கள். எனக்கு சுகர் இருக்கு மாஸ்டர், வீட்ல தெரியாது. நெஞ்சுல ஒரு இறுக்கம் வருது மாஸ்டர், நான்தான் கேஸ் டிரபிள்னு விட்டுட்டேன். இவ்வளவு வருடம் என் பக்கத்திலேயே எடை தூக்கிக்கொண்டிருந்தவர்கள். என் போர்டைப் பார்த்து பயந்து வாயை மூடிக்கொண்டிருந்திருக்கிறார்கள். எத்தனை பேரை நான் டாக்டரிடம் போகவிடாமல் தடுத்தேனோ, எனக்குத் தெரியாது.

இதுவரை சொன்னதில் நீங்கள் எழுதிக்கொள்ளக்கூடியது, மாஸ்டர் செய்தால்தான் மற்றவர்கள் செய்வார்கள் என்பது. நான் முதலில் சொன்ன பாதிக் காரணம் அது. மீதிப் பாதி எனக்குத் தெரிந்தது அன்று ஆஸ்பத்திரி பெஞ்சில்தான்.

டாக்டர் எங்கள் இரண்டு பேரையும் ஒன்றாகவே உட்காரவைத்துப் பேசினார். மாத்திரை எழுதினார். “எல்லாத்துக்கும் மேல உப்பக் கொறைங்க. ஊறுகாய், கருவாடு, காராச்சேவு, எதுவும் கூடாது. ஒங்க ரெண்டு பேருக்கும் உப்புதான் இப்ப வெஷம்” என்றார். வெளியே வந்து மாத்திரைக்காக பெஞ்சில் உட்கார்ந்தோம். மகாலிங்கம் சீட்டை நான்காக மடித்துக்கொண்டே இருந்தார்.

“மாஸ்டர், ஒண்ணு கேக்கட்டா?” என்றார். “சித்திரை மாசம் நான் ஒங்ககிட்ட சொன்னேனே. பயிற்சி முடிஞ்சு எல்லாரும் போனப்புறம், அந்தத் தண்ணித் தொட்டிகிட்ட. காலையில தலை கிறுகிறுன்னு வருது, பிடரி கனக்குதுன்னு.”

எனக்கு ஞாபகம் இல்லை. உண்மையாகவே ஞாபகம் இல்லை. “நான் என்ன சொன்னேன்?” என்று கேட்டேன்.

“வெயில்தான் காரணம்னு சொன்னீக. ஒங்களுக்கும் அப்பிடித்தான் இருக்கு, பயப்பட ஒண்ணுமில்ல, மோருல உப்பைத் தூக்கலாப் போட்டு தெனம் ரெண்டு சொம்பு குடிங்கன்னு சொன்னீக.”

எனக்கு நானே சொல்லிக்கொண்ட பொய்யை, நம்பி வந்து கேட்ட மனிதனுக்கு மருந்தாக எடுத்துக் கொடுத்திருக்கிறேன். வேறு யார் அவ்வாறு வந்து சொல்லியிருந்தாலும் அன்றைக்கே டாக்டரிடம் விரட்டியிருப்பேன் என்றுதான் அதுவரை நினைத்துக்கொண்டிருந்தேன். என் உடம்பில் எதைப் பார்க்க மறுத்தேனோ, அதை அவர் உடம்பிலும் பார்க்க எனக்குக் கண் இல்லாமல் போயிருந்தது.

“குடிச்சீகளாண்ணே?” என்று கேட்டேன்.

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். கோபமே இல்லை அந்த முகத்தில்.

“ஒரு நாள் விடல மாஸ்டர். நீங்க சொன்னதாச்சே.”